பாயின்டர் குட்டியின் முதல் ஆண்டு: பறவையைக் காட்டுங்கள், வாயைத் திறக்காதீர்கள்

ஜெர்மன் ஷார்ட்ஹேர், பிரிட்டனி, விஸ்லா, செட்டர் என்று ஏதோ ஒரு பறவை வேட்டை நாய்க்குட்டியை எட்டு வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். வந்த மறுநாளே எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: பாயின்ட் பண்ண எப்போது பழக்க ஆரம்பிக்கலாம்? பழக்கவே வேண்டாம் என்பதுதான் பதில். உட்கார், வா, நில் எல்லாம் நீங்கள் சொல்லித்தருவது. பறவையின் வாடை மூக்கில் பட்டதும் போட்ட கால் போட்டபடி நிற்பதுதான் பாயின்ட், அது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அந்தக் குணம் வெளியே வருவதற்குப் போதுமான பறவைகளைக் குட்டியின் வழியில் கொண்டுவந்து வைப்பதும், நடுவில் புகுந்து கெடுக்காமல் இருப்பதும்தான் முதல் ஆண்டில் உங்கள் வேலை. கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஆரம்பத்திலேயே ஒன்று. இதை அமெரிக்காவில், குறிப்பாக மின்னசோட்டா, டகோட்டா, கான்சஸ் மாதிரி பறவை வேட்டைக்குச் சட்டப்படி பருவமும் உரிமமும் இருக்கிற ஊர்களில் நாய் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதை அங்கே முயற்சி செய்ய வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியும் காட்டுக் காடையும் தொடக்கூடாத பறவைகள். தவிரவும் நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்து ஓட்டத்தில் பிடிக்கிற நாய்கள், அவற்றிடம் பாயின்டை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பாயின்ட் என்பது என்ன

வேட்டையாடும் எந்த விலங்கும் பாய்வதற்கு முன் ஒரு கணம் நிற்கும். பூனை அணிலைப் பார்த்து உடம்பைத் தாழ்த்தி, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கணம்தான். பல தலைமுறைகளாக அந்தக் கணம் நீளமாக இருந்த நாய்களாகவே பார்த்து இனம் சேர்த்ததில், ஒரு நொடியாக இருந்தது நிமிடக் கணக்கில் நீண்டுவிட்டது. ஆனால் நிற்பதற்குப் பின்னால் இருக்கிற ஆசை இன்னும் பாய்வதுதான். இதை மறந்துவிட்டு நாய் நமக்காக நிற்கிறது என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். குட்டி நிற்பது பறவையைப் பிடிப்பதற்காக. இன்னும் ஒரு அடி வைத்தால் பறந்துவிடும் என்று பறவைதான் அதற்குப் புரியவைக்க வேண்டும்.

எந்த வயதில் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏழு வாரத்தில் இறகைப் பார்த்து நிற்கிற குட்டியும் உண்டு, பத்து மாதம் வரை எல்லாவற்றையும் துரத்திக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று நிற்கிறதும் உண்டு. முன்னது பின்னதைவிட நல்ல நாயாக வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. தாயும் தந்தையும் களத்தில் வேலை செய்கிற நாய்களா என்று கேட்டு வாங்கியிருந்தால் பொறுமையாக இருங்கள், வரும்.

எட்டு வாரம் முதல் நான்கு மாதம் வரை

இந்தக் காலத்தில் மூன்றே விஷயம்: பெயர் தெரிய வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், உயரமான புல்லுக்குள்ளும் ஓடைத் தண்ணீருக்குள்ளும் பயமில்லாமல் போக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் கூடுகிற பூங்காக்களுக்குக் கொண்டுபோகாதீர்கள், பார்வோ பொல்லாத நோய். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள். நாய் நடமாட்டம் அதிகமில்லாத புல்வெளியாகப் பார்த்து, கயிறில்லாமல் விட்டு, நீங்கள் முன்னால் நடந்துகொண்டே இருங்கள். குட்டி பின்னாலேயே ஓடிவரும், பிறகு பக்கத்தில், கொஞ்ச நாளில் முன்னால். முன்னால் போக ஆரம்பிக்கும்போது திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். தேடிக்கொண்டு முன்னால் போவதுதானே அதன் பிழைப்பு. காலோடு ஒட்டி நடப்பதை இப்போதே கறாராகப் பழக்கினால் பின்னால் களத்தில் ‘போ, தேடு’ என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

தூண்டில் குச்சி நுனியில் பறவை இறக்கையைக் கட்டி ஆட்டுகிற விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். குட்டி பாயும், நீங்கள் இழுத்துவிடுவீர்கள், இரண்டு மூன்று தடவை ஏமாந்ததும் நின்று உற்றுப்பார்க்கும், உடனே போனை எடுத்துப் படம் பிடிப்பீர்கள். தப்பில்லை, பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் குட்டி அங்கே கண்ணால் பார்த்துத்தான் நிற்கிறது, மூக்குக்கு அதில் வேலையே இல்லை. தினமும் இதையே செய்தால் களத்தில் தலையைத் தூக்கிக் காற்றை முகராமல் கண்ணால் தேடுகிற பழக்கம் வரும். இரண்டு மூன்று நாள் விளையாடிவிட்டுக் குச்சியைப் பரணில் போட்டுவிடுங்கள்.

முதல் பறவை

மூன்று, மூன்றரை மாதத்தில் ஒரு நிஜப் பறவையைக் காட்டலாம். புறா சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பெரிய புறா சிறகடித்து மூஞ்சியில் ஒரு அறை விட்டால் சில குட்டிகள் பயந்துபோகும், அதனால் காடையில் தொடங்குவது நல்லது. முதலில் செத்த காடை ஒன்றைப் புல்லில் போட்டு முகரவிடுங்கள், வாயில் தூக்கிக்கொண்டு ஓடினால் ஓடட்டும். பிடுங்காதீர்கள். உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கூப்பிட்டால் பெருமையாகக் கொண்டுவந்து காட்டும், அப்போதும் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்க விட்டு முதுகைத் தடவிக்கொடுங்கள். அடுத்த முறை உயிருள்ள காடை, இறக்கையைக் கட்டியது. குட்டி துரத்திப் பிடிக்கலாம். பறவை என்றால் உலகத்திலேயே உசத்தியான பொருள் என்று அதன் மண்டையில் ஏற வேண்டும், இந்தக் கட்டத்தின் நோக்கமே அவ்வளவுதான்.

வெறி வந்துவிட்டது என்று தெரிந்ததும் (காடைக் கூண்டைப் பார்த்தாலே கத்த ஆரம்பிக்கும், அதுதான் அடையாளம்) பிடிக்கவிடுவதை அன்றோடு நிறுத்துங்கள். இனி அடிபட்டு விழுகிற பறவையைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்குள் போகக்கூடாது. பிடிக்க முடியும் என்று தெரிந்த நாய் எதற்காக நிற்கப்போகிறது?

புறாவும் லாஞ்சரும்

ஐந்து, ஆறு மாதம் ஆனதும் உண்மையான வேலை தொடங்குகிறது. கொஞ்சம் செலவும் தொடங்குகிறது. நன்றாகப் பறக்கிற வீடு திரும்பும் புறாக்கள் சில வேண்டும், ரிமோட்டில் திறக்கிற லாஞ்சர் ஒன்றாவது வேண்டும். லாஞ்சர் என்பது வலைப்பையும் ஸ்பிரிங்கும் உள்ள சின்னப் பெட்டி, பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற பறவையை மேலே எறிந்துவிடும். ஒன்று வாங்குவதற்குள் பர்ஸ் பாதி காலியாகிவிடும் என்பது உண்மைதான், பக்கத்தில் நாய் மன்றம் ஏதாவது இருந்தால் இரவல் கேளுங்கள். முதலில் அந்தச் சத்தத்துக்குக் குட்டியைப் பழக்க வேண்டும். தூரத்தில் யாராவது திறக்க, குட்டி புறா பறப்பதை மட்டும் பார்க்கட்டும். பக்கத்தில் முதல் தடவை படாரென்று திறந்து குட்டி மிரண்டுவிட்டால் அந்த மிரட்சி பறவை மீதே போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். காலை நேரம், புல்லில் கொஞ்சம் ஈரம், லேசான காற்று. வெயில் ஏறிய பிறகு வாடையும் நிற்காது, நாய்க்கும் ஆகாது. காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப்போட்டுப் பாருங்கள். லாஞ்சரைப் புல்லுக்குள் மறைத்து வைக்கும்போது, குட்டியைக் கொண்டுவரப்போகிற வழியில் நடக்காமல் எதிர்ப்பக்கமாக வந்து வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் காலடித் தடத்தையே பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டியிடம் வந்து நிற்கும். கெட்டிக்காரக் குட்டிகள் இரண்டே நாளில் லாஞ்சரின் வாடையையே படித்துவிடும், அதற்காகக் காலிப் பெட்டி ஒன்றையும் வேறொரு இடத்தில் வைப்பவர்கள் உண்டு.

குட்டியின் கழுத்தில் முப்பது அடி நீளக் கயிறு. இழுப்பதற்காக அல்ல, புல்லில் இழுபட்டுக்கொண்டே வரட்டும், தேவைப்பட்டால் கையில் எடுக்கலாம். காற்றுக்குக் குறுக்காக நடத்திக்கொண்டு வாருங்கள். பறவையின் வாடை காற்று வாக்கில் விரிந்துகொண்டே போகும், அதற்குள் குட்டி பக்கவாட்டில் நுழையும்போது தலை சடக்கென்று காற்று வரும் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் கவனமாகப் பாருங்கள். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், மூச்சிரைப்பு நிற்கும், மூக்குத்துளை மட்டும் துடிக்கும், ஆடிக்கொண்டிருந்த வால் மெதுவாகி ஒரு கோணத்தில் நின்றுவிடும். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், காலண்டர் படத்தில் வருகிற மாதிரிதான் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ‘வோ’ (அசையாமல் நில் என்ற கட்டளை) என்று கத்தாதீர்கள், ‘சபாஷ்’ என்றும் சொல்லாதீர்கள், கயிற்றை இழுக்காதீர்கள். குட்டி அப்படியே நின்றால் பத்து நொடியோ இருபது நொடியோ விட்டு, நீங்களே புறாவைப் பறக்கவிடுங்கள். நிற்காமல் பறவையை நோக்கி ஒரு அடி வைத்தாலும் உடனே பட்டனை அழுத்துங்கள். புறா போய்விடும். குட்டி துரத்தட்டும், புறா மரத்தைத் தாண்டிக் கண்ணில் படாமல் போகும்வரை துரத்திவிட்டு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வரட்டும். திட்டக்கூடாது. புதிதாக நாய் வளர்ப்பவர்கள் மிரளுகிற இடம் இதுதான், துரத்தவிட்டால் கெட்ட பழக்கம் வந்துவிடாதா என்று. இந்த வயதில் துரத்துவது பாடத்தின் ஒரு பகுதி. பாய்ந்தால் பறவை கிடைக்காது என்ற பாடம் பறவையிடமிருந்து வரும்போதுதான் மனதில் நிற்கிறது, நீங்கள் அதட்டித் தந்தால் உங்கள் முதுகு திரும்பியதும் போய்விடும்.

நேரம்தான் இதில் எல்லாமே. குட்டி லாஞ்சரிடமிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கும்போதே பட்டனை அழுத்திவிட வேண்டும், மூக்குக்கு நேராகப் பெட்டி வெடித்தால் வேலை கெட்டது. வாடையே பிடிக்காமல் தற்செயலாகப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தால் பறக்கவிடாதீர்கள், வளைத்துக் கொண்டுவந்து மறுபடி காற்றுக்குள் நுழையுங்கள். ஒரு காலைக்கு இரண்டு, மூன்று பறவை போதும். இன்னும் வேண்டும் என்று குட்டி துடிக்கும்போதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

பண்ணைக் காடைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய காடையைக் கையில் வைத்துச் சுற்றி மயக்கிப் புல்லுக்குள் வைப்பது பழைய வழக்கம். அது பல நேரம் பறக்காது, பறந்தாலும் பத்தடியில் உட்கார்ந்துவிடும், குட்டி கவ்விவிடும். அப்படி நாலு காடையைக் கவ்விய குட்டியைத் திருப்புவதற்கு ஒரு சீசனே போய்விடும். காடைதான் வேண்டும் என்றால் திரும்பி வரும் கூண்டு கட்டி பாப்ஒயிட் காடை வளர்க்கலாம். கூட்டத்தில் சிலவற்றை மட்டும் வெளியே விட்டால், உள்ளே இருப்பவை சாயங்காலம் குரல் கொடுத்து வெளியே போனவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும், அவை தரையோடு இருக்கிற சின்னப் புனல் வழியாக நுழைந்துவிடும். இப்படிப் பழகியவை காட்டுப் பறவை போலவே விர்ரென்று எழும்பும். வளர்ப்பதற்கும் வெளியே விடுவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறு, அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

கை எங்கே, வாய் எங்கே

பறவைக்குப் பக்கத்தில் குட்டிக்கு எந்தக் கெட்டதும் நடக்கக்கூடாது. அதட்டல், கயிற்றால் வெடுக்கென்ற இழுப்பு, ஷாக் காலர் எதுவும் கூடாது. பறவை வாடை வரும்போதெல்லாம் திட்டு விழுகிறது என்று புரிந்துகொண்ட நாய் பறவையைக் கண்டும் காணாததுபோல் ஒதுங்கிப் போக ஆரம்பிக்கும். அதைவிடத் துரத்துகிற நாய் ஆயிரம் மடங்கு தேவலை, ஏனென்றால் துரத்துவதைப் பின்னால் நிறுத்தலாம், ஒதுங்குகிற நாயைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

பாயின்ட் உறுதியாக நிற்க ஆரம்பித்த பிறகு, சில வாரம் கழித்து, ஒரு சின்ன வேலை செய்யலாம். கயிற்றைப் பிடித்தபடி சத்தமில்லாமல் பின்னால் போய், முதுகை வால் பக்கம் வரை நீளமாகத் தடவிவிட்டு, இடுப்பில் கை வைத்துப் பறவையை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். குட்டி முன்னால் போகாது, கால்களை ஊன்றிப் பின்னால் சாயும். தள்ளினால் எதிர்ப்பது நாய்களுக்கு இயல்பு, அந்த எதிர்ப்பிலேயே பாயின்ட் இன்னும் இறுகும். உங்கள் கைக்கு அடியில் அந்தத் தொடைச் சதை கல்லாக இறுகுவது தெரியும்.

‘வோ’ பழக்குவது தனி. வீட்டு முற்றத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால், பீப்பாய் மேலோ மேசை மேலோ நிறுத்தி, பறவையே இல்லாத இடத்தில் பழக்குங்கள். அதையும் பறவையையும் ஒன்று சேர்ப்பது ஒரு வயதுக்குப் பிறகு, முதல் சீசன் முடிந்த பிறகு. பறவை எழும்பும்போதும் துப்பாக்கி வெடிக்கும்போதும் அசையாமல் நிற்பது, இன்னொரு நாயின் பாயின்டைப் பார்த்துத் தானும் நிற்பது எல்லாம் இரண்டாம் ஆண்டுப் பாடம்.

துப்பாக்கிச் சத்தம்

துப்பாக்கிக்குப் பயப்படுகிற நாய்களில் பெரும்பாலானவை மனிதர்கள் அப்படி ஆக்கியவை. பழகட்டும் என்று குட்டியைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஜூலை 4 இரவிலும், நம் ஆட்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிற இரவிலும் குட்டி வீட்டுக்குள்ளே இருக்கட்டும், ஃபேன் ஓடட்டும், டிவி சத்தமாக இருக்கட்டும்.

புறாவைத் துரத்துவதில் குட்டி தன்னை மறந்திருக்கிற நேரம்தான் சரியான நேரம். புறா எழும்பி, குட்டி முழு வேகத்தில் பின்னால் போகும்போது, நூறு கஜம் தள்ளி நிற்கிற நண்பர் .22 வெற்றுத் தோட்டாவை ஒருமுறை வெடிக்கட்டும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையா, சரி, அடுத்த நாள் கொஞ்சம் பக்கத்தில். காதை மடித்தாலோ ஓட்டத்தை நிறுத்தித் திரும்பினாலோ அன்றோடு நிறுத்திவிட்டுச் சில நாள் வெறும் பறவையை மட்டும் காட்டி, பிறகு பழைய தூரத்துக்கே போங்கள். இப்படிப் படிப்படியாக 20 கேஜ் வேட்டைத் துப்பாக்கி வரை வரலாம். பறவையும் துரத்தலும் இல்லாமல் ஒரு வெடிகூட வேண்டாம்.

காட்டுப் பறவைகள்

எத்தனை புறா காட்டினாலும் கடைசியில் நாயை நாயாக்குவது காட்டுப் பறவைதான். எல்லாப் பறவையும் குட்டிக்கு ஏற்றது கிடையாது. மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் இளம் ஆஸ்பென் காட்டிலும் ஆல்டர் புதரிலும் வந்து தங்குகிற வூட்காக் என்ற நீள மூக்குப் பறவை நாய்க்குட்டிகளுக்கென்றே படைத்த மாதிரி. பதுங்கினால் லேசில் எழும்பாது, வாடையும் நன்றாக நிற்கும். தெற்கே கான்சஸ், டெக்சஸ் போனால் பாப்ஒயிட் காடைக் கூட்டம். ஃபெசன்ட் சேவல் குட்டிக்கு வேண்டாத வம்பு, பாயின்டில் நிற்கிறபோதே புல்லுக்குள் ஓடிப்போய்விடும், குட்டி குழம்பிப்போய்ப் பின்னாலேயே ஊர்ந்து போகக் கற்றுக்கொள்ளும். தெற்கு டகோட்டாவில் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை சீசன் திறக்கும்போது எல்லாரும் போகிறார்களே என்று ஏழு மாதக் குட்டியையும் கூட்டிக்கொண்டு பத்து துப்பாக்கிக்கு நடுவில் போய் நிற்காதீர்கள்.

முதல் சீசனுக்கு ஒரே விதி, குட்டி பாயின்ட் செய்த பறவையை மட்டும் சுடுவது. தானாக எழும்பினதையும் குட்டி முட்டிக் கிளப்பினதையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு சுலபமான குறியாக இருந்தாலும். ஒரு தடவை ஆசைப்பட்டுச் சுட்டு அது விழுந்துவிட்டால், பாய்ந்தாலும் பறவை கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். வெறுங்கையோடு திரும்புகிற நாட்கள் நிறைய இருக்கும்.

வசந்தத்தில் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலத்தில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது, பல மாநிலங்களில் அதற்குச் சட்டமே உண்டு. உங்கள் மாநில வனத்துறைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கால் விரலிடுக்கு, காது, கண் மடிப்பு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். புல்லின் கூரான விதைகள் குத்தி உள்ளே போய்விட்டால் பெரிய அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும், உண்ணி தனிக்கதை.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

குருவி, பட்டாம்பூச்சி, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாவற்றையும் பார்த்து நிற்கிறதா? விடுங்கள், நிஜப் பறவை அதிகமாகக் கிடைக்கக் கிடைக்கத் தானாகக் குறைந்துவிடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்கிறதா? சற்று முன்பு பறவை இருந்த இடமாக இருக்கலாம், அதன் மூக்கை நம்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் முன்னால் நடங்கள், திட்ட வேண்டாம். செட்டர் குட்டி நிற்காமல் தரையோடு படுக்கிறதா? துப்பாக்கி வருவதற்கு முன் பறவை மேல் வலை வீசிப் பிடித்த காலத்தில் அப்படிப் படுக்கிற நாய்களைத்தான் விரும்பி வளர்த்தார்கள், பழைய குணம் எட்டிப்பார்க்கிறது, குற்றமில்லை. பத்து மாதமாகியும் துரத்தல்தானா? இன்னும் நன்றாகப் பறக்கிற பறவைகளைக் கொடுங்கள், குட்டி பக்கத்தில் போவதற்கு முன்பே பறக்கவிடுங்கள்.

குட்டி எந்த அளவில் இருக்கிறது என்று வெளி ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு வழி. 1969இல் தொடங்கிய நாவ்டா (வட அமெரிக்கப் பல்திறன் வேட்டை நாய்ச் சங்கம்) அமைப்பின் இயற்கைத் திறன் தேர்வில், 16 மாதம் தாண்டாத நாய்களுக்குத்தான் பரிசுத் தகுதி உண்டு. வயலில் தேடுவது, பாயின்ட், பறக்க முடியாத ஃபெசன்ட் ஓடிய தடத்தைப் பிடிப்பது, தண்ணீரில் நீந்துவது எல்லாம் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரை மதிப்பெண். பறவை எழும்பியதும் துரத்தினால் இந்தத் தேர்வில் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பாயின்ட் செய்ததா என்பதுதான் கேள்வி. ஏ.கே.சி.யின் (அமெரிக்கன் கெனல் கிளப்) ஜூனியர் ஹன்டர் தேர்வு ஆறு மாதத்திலிருந்தே எழுதலாம், அதில் பாயின்ட் செய்த நாய் நீங்கள் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு நடந்து வரும்வரை நின்றால் போதும். இரண்டுக்கும் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன, அதனால் குட்டியின் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு 16 மாதக் கணக்கை இப்போதே போட்டு, பதிவு திறந்த அன்றே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.